பெயின்ட்டின் மேல் முறுக்கிய எர்த்

புதிதாக எலெக்ட்ரிக்கல் லைசென்ஸ் வாங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் என் வாழ்த்து. நீங்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதிப்புத்தகம் முழுவதும் உங்கள் போனில் இருக்கிறது. எர்த் குழி எத்தனை அடி, கம்பி எத்தனை கேஜ், ஒரு மெஷினுக்கு எத்தனை எர்த் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் திரையைத் தேய்த்துப் பதில் சொல்லிவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் அந்தப் புத்தகம் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பீரோ சாவி யாரிடம் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே நான் விதிகளைச் சொல்லப்போவதில்லை. விதியெல்லாம் தெரிந்த ஒருவன், அதாவது நான், பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் இறால் ஷெட்டுக்கு எர்த் போட்டு, அதற்குத் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட கதையைச் சொல்கிறேன். ரிட்டையர் ஆவதற்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது நடந்தது. அனுபவம் இல்லாததால் நடந்த தவறு என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒன்றரை வருஷத்தைச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

ஷெட்டின் முதலாளி பெயர் தணிகாசலம். அப்பா காலத்திலிருந்து படகும் வலையும் வைத்திருந்தவர். "எங்க நைனா கட்டுமரத்துல போனாரு சார், நான் கரையிலயே இருந்து நாலு பேருக்கு வேலை குடுக்கலாம்னு பார்க்கிறேன்" என்றார். நல்ல மனிதர். ஏரியில் பிடித்து வரும் இறாலையும் நண்டையும் வாங்கி, கழுவி, தரம் பிரித்து, ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்பும் இடம். உள்ளே இருபது பெண்கள் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் ஐஸ் கட்டியை உடைக்கும் மெஷின். அதன் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய். குழாயின் முனையில் டேப். மேலே தொட்டி பிளாஸ்டிக், தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பும் பிளாஸ்டிக், ஷெட்டுக்குள் வந்ததும் மட்டும் இரும்பு. தரை எப்போதும் ஈரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

பழவேற்காட்டில் எர்த் குழி போடுவதைப் போலச் சுகமான வேலை உலகத்தில் கிடையாது. பொன்னேரிப் பக்கம் மேட்டு நிலத்தில் சித்திரை மாதத்தில் குழி போட்டால் கரியும் உப்பும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் முள்ளிடம் கெஞ்ச வேண்டும். ஏரிக்கரையில் மண்ணே உப்பு. நாலடி தோண்டினால் தண்ணீர். முள் தானாகவே கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். தடை ஒரு ஓமுக்கும் குறைவு. அந்த அளவைப் போட்டோ எடுத்து, நான் ஏதோ மண்ணையே வளர்த்து ஆளாக்கியவன் போல நாலு பேருக்கு அனுப்பினேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர் எனக்கு நடத்திய மொத்தப் பாடமும் இவ்வளவுதான்: "குழியில அளவு வந்துடுச்சா? கையெழுத்தைப் போடு. டீ சொல்லு." குழிக்கும் மெஷினுக்கும் நடுவே ஆறடிக் கம்பி ஒன்று இருக்கிறது, அதன் இரண்டு முனையும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று அவர் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. நானும் விசுவாசமான சீடன். பார்த்ததில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். மெஷினின் சட்டத்துக்கு நீலப் பெயின்ட் மூன்று கோட் அடித்திருந்தார்கள். என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்த வயர்மேன் ரஃபீக், பழவேற்காட்டுக்காரர், எர்த் கம்பியை முறுக்க வந்தவர், முதலில் கையில் உப்புத்தாளை எடுத்தார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து, பிறகுதான் முறுக்க வேண்டும். ஐ.டி.ஐ. முதல் வருஷப் பாடம். தணிகாசலம் பதறிப்போனார்.

"சார், சார், சொரண்டாதீங்க சார். புதுப் பெயின்ட்டு. நாளைக்கு போட்டோ எடுப்பாங்க."

ரஃபீக் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை ரஃபீக், போல்ட்டை நல்லா டைட் பண்ணிடுங்க." பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்று பரீட்சையில் எழுதி ரேங்க் வாங்கியவன் நான். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கும். அன்றைக்கு அளந்திருந்தால்கூடச் சரி என்றே காட்டியிருக்கலாம். அளக்கவில்லை என்பதால் அதுவும் தெரியாது. ஏரிக்கரை உப்புக்காற்றில், கம்பி முனையில் இருக்கும் செம்பு லக்கும் இரும்பு போல்ட்டும் சேர்ந்திருக்கும் இடம் ஒரு மழைக்காலம் தாங்குமா என்று யோசித்திருக்க வேண்டியவன், மறுநாள் விழாவுக்கு எந்தச் சட்டை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போட்டோ நன்றாகவே வந்தது. நீலம் பளிச்சென்று இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கை எட்டும் இடத்தில் இருக்கும் இரும்பு எல்லாவற்றையும், குழாய், மேஜை, கூரைத் தூண் எல்லாவற்றையும் ஒரே கம்பியால் ஒன்றோடு ஒன்று பிணைக்க வேண்டும் என்று விதி. வரைபடத்தில் அதற்காகப் பச்சைக் கோடு அழகாக இழுத்திருந்தேன். ஷெட்டில் அந்தக் கோடு இல்லை. பச்சை மை கைவசம் இருந்தது, பச்சைக் கம்பிதான் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். அது எந்த அடுத்த வாரம் என்று நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை.

நான் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் எங்காவது கசிந்தால் உடனே தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் டிரிப் ஸ்விட்ச், நீங்கள் ஆர்.சி.சி.பி. என்று சொல்கிறீர்களே, அதை வைத்திருந்தேன். நல்ல கம்பெனி சரக்கு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அந்த ஷெட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே உருப்படி அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. டிரிப் ஸ்விட்ச் ஒரே நாளில் நாலு முறை விழுந்தது. அன்றைக்கு நான் திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இலையில் வடை விழுந்த நேரம் போன் வந்தது.

"சார், ஸ்விட்ச் நிக்க மாட்டேங்குது. ஐஸெல்லாம் தண்ணியாப் போவுது. எட்டு ட்ரே டைகர் இறால் வந்து நிக்குது சார், கெட்டுப்போச்சுன்னா நான் செத்தேன்."

டிரிப் ஸ்விட்ச் விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் அதன் வாயை அடைப்பதற்குப் பெயர் வேறு. ஆனால் சாம்பார் வாளி என் இலைக்கு இரண்டு இலை தள்ளி வந்துவிட்டது. ரஃபீக்குக்குப் போன் போட்டேன். "இப்போதைக்கு ஸ்விட்ச்சைத் தாண்டி பைபாஸ் பண்ணிக் குடுத்துடுங்க. நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

"சார், மோட்டார்ல லீக் இருக்கும்போல. பார்த்துட்டுப் போடலாமே" என்றார் ரஃபீக்.

"நாளைக்கு வர்றேன்னு சொல்றேனே."

அந்த நாளைக்கு நாலு மாதம் ஆயிற்று.

தை மாதக் கடைசியில் வருஷாந்திரச் சோதனைக்குப் போனேன். குழியை அளந்தேன். ஒரு ஓமுக்குக் குறைவு. மனம் நிறைந்தது. பைபாஸ் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். 'ஆள் அனுப்புகிறேன்' என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். நான் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் வந்து எதிரே நின்றாள். எல்லம்மா. ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவள். பத்து மணிக்கு மேல் ஷெட்டில் தரம் பிரிக்கும் வேலை.

"சார், நீதான கரண்ட்டு சார்? அந்தக் கொயாவத் தொட்டா சுர்ருனு ஏறுது சார்."

"எந்தக் குழாய்ம்மா?"

"மிஷினு பக்கத்துல இருக்கிற கொயா. மயக்காலத்துலருந்து கடிக்குது. மிஷினு ஓடசொல்லதான் கடிக்கும். நின்னுட்டா கடிக்காது."

இதைக் கவனியுங்கள். எந்த இடம், எப்போதிலிருந்து, எந்த நிலையில், எந்த நிலையில் இல்லை. ஒரு பழுதைப் பற்றி இதைவிடத் தெளிவான அறிக்கையை எந்த இன்ஜினீயரும் எனக்குத் தந்ததில்லை. நான் டெஸ்டரை எடுத்துக் குழாயின் மேல் வைத்தேன். விளக்கு எரியவில்லை.

"இல்லையேம்மா."

"இப்போ மிஷினு நிக்கிது சார்."

உண்மைதான். ஐயா சோதனை செய்கிறார் என்று மரியாதைக்காக தணிகாசலம் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார். "ஐஸ் வண்டி இன்னும் வரலை சார், பதினோரு மணி ஆவும்" என்றார். எனக்கு மதியத்துக்குள் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் கடமை தவறாமல் கையால் குழாயைத் தொட்டும் பார்த்தேன். காலில் தடித்த ரப்பர் அடி வைத்த புது பூட்ஸ்.

"ஒண்ணும் இல்லையே. ஐஸ் தண்ணியில கை வெச்சு மரத்துப்போயிருக்கும். அதான் அப்படித் தோணுது."

"தோணலை சார். நீ அந்த பூட்ஸக் கயட்டிட்டு, மிஷினு ஓடசொல்ல வந்து தொடு. அப்போ தெரியும்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கலங்கிய தண்ணீருக்கடியில், கண்ணுக்கு எதுவும் தெரியாத சேற்றில், இறாலின் மீசையை விரல் நுனியால் கண்டுபிடிக்கிற பெண் அவள். அவளிடம்தான் நான் 'உனக்கு அப்படித் தோணுது' என்று சொன்னேன். அன்று அனுப்பம்பட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், மேஜை முன் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். எர்த் இணைப்புகளின் நிலை: திருப்திகரம். கசிவுப் பாதுகாப்பு: திருப்திகரம். அந்தச் சொல்லை எழுதும்போது என் கையெழுத்து மிக நன்றாக வரும். பழக்கம்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படிவத்தைக் கொடுக்க நானே போனேன். தணிகாசலம் வேலையாகப் பொன்னேரிக்குப் போயிருந்தார். காலை பதினோரு மணி. படகுகள் வந்து சரக்கு இறங்கியிருந்தது. ஐஸ் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று பையிலிருந்து கவரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேதவள்ளி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், சுண்ணாம்புக்குளத்திலிருந்து வேலைக்கு வந்து அன்று மூன்றாவது நாள். குழாயைப் பற்றி அவளுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். அவசரத்தில் மறந்துவிட்டாள். ஒரு கையில் ட்ரே, மறு கையால் டேப்பைத் திறக்கப் பிடித்தாள்.

கத்துவாள் என்று நினைப்பீர்கள். கத்தவில்லை. சத்தமே வராது. ட்ரே தரையில் விழுந்த ஓசைதான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், டேப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறாள். முகம் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. கை விடவில்லை. விட முடியாது.

பக்கத்தில் இருந்தவள் "அய்யோ" என்று அவள் தோளைப் பிடிக்கப் பாய்ந்தாள். "தொடாதே! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். அன்று நான் செய்த முதல் சரியான காரியம் அது. அடுத்தபடி மெயின் ஸ்விட்ச் இருக்கும் அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. செம்புக் கம்பி திருட்டுப் போகிறது என்று தணிகாசலம் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவரோடு பொன்னேரியில் இருந்தது. மெயின் ஸ்விட்ச் யாரும் உடனே எட்டும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பூட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதற்கும் திருப்திகரம் என்றுதான் எழுதியிருந்தேன். இப்போது அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ அனுபவம் என்னிடம் சொன்ன யோசனை அவ்வளவுதான்.

பின்னால் மெஷின் சத்தம் நின்றது.

எல்லம்மா கதவுப் பக்கமே வரவில்லை. மெஷின் ஓடும்போதுதான் கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுக்கி வைத்திருந்த காலி பிளாஸ்டிக் ட்ரே ஒன்றை உருவி, அதன் மூலையால் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். கையால் ஏன் தொடவில்லை என்று பிறகு கேட்டேன். "அந்த டப்பாவும் கடிக்கும் சார். நாங்க எப்பவும் ட்ரேயாலதான் நிறுத்துவோம்" என்றாள். அதை அவர்கள் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் இல்லாத இடத்தில் அவர்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

வேதவள்ளி தரையில் விழுந்து கிடந்தாள். ஓடிப்போய்க் குனிந்து காதை வைத்தேன். மூச்சு இல்லை.

மின்சாரம் தாக்கியவருக்கு முதலுதவி செய்வது எப்படி என்று படம் போட்ட சார்ட் ஒன்று ஒவ்வொரு இடத்திலும் மாட்ட வேண்டும். நான் மாட்டியிருந்தேன். பூட்டிய அறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ ஒரு வகுப்பில் பொம்மையின் மேல் செய்து பார்த்ததை வைத்து அவள் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் அழுத்தி அழுத்தி எடுத்தேன். என் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. எத்தனை வரை எண்ணினேன் என்று நினைவில்லை.

"இன்னா சார் பண்ற, எலும்பு ஒடஞ்சிடப் போவுது!" என்று யாரோ அலறினார்கள்.

"சும்மா இருடீ. அவுரு பண்ணட்டும்" என்றாள் எல்லம்மா. அவள் வேதவள்ளியின் தலையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதவள்ளி ஒரு முறை இழுத்து இருமினாள். பிறகு மூச்சு வந்தது, விட்டு விட்டு, பிறகு தொடர்ந்து. நான் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் ஏற்ற வந்த டெம்போவிலேயே அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க எல்லம்மா அவளைப் பேச வைத்துக்கொண்டே வந்தாள். "உன் பேரு இன்னா சொல்லு. புள்ளைங்க பேரு சொல்லு. மறுபடி சொல்லு."

பிழைத்துவிட்டாள். வலது உள்ளங்கையில் ஆழமான தீக்காயம். இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

இனிமேல்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய பகுதி. மெயின் ஸ்விட்ச்சை எங்கே வைப்பது என்பதை போன் சொல்லும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன செய்வது என்பதை அது சொல்லாது.

சாயங்காலம் தணிகாசலம் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அழுதிருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதிருந்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் நான் செய்றேன், என் புள்ளைங்க மேல சத்தியம். விசாரணைக்கு நீங்க எழுதுறதுல ஒரு வரி மட்டும் போடுங்க சார். கை ஈரமா இருந்துச்சு, அதனாலதான் ஷாக் அடிச்சுதுன்னு. ஷெட்ட மூடிட்டாங்கன்னா இருவது பொம்பளைங்க எங்க சார் போவாங்க?"

இறால் ஷெட்டில் கை ஈரமாக இருந்ததாம். எப்பேர்ப்பட்ட கவனக்குறைவு. ஆனால் சிரிக்காதீர்கள், நான் அதை மறுக்கவில்லை. என் மூளை வேகமாக வேலை செய்தது. ரிட்டையர் ஆக ஒன்றரை வருஷம். ஈரக் கை என்பது பொய்யும் இல்லை, அவள் கை ஈரமாகத்தானே இருந்தது?

அதற்குள் ரஃபீக் வந்தார். பழவேற்காட்டிலிருந்து பைக்கில் விழுந்தடித்து வந்திருந்தார். தணிகாசலம் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"சார், பைபாஸ் நான்தானே போட்டேன். என் பேரையே எழுதிடுங்க. எனக்கு வயர்மேன் லைசென்ஸ்தானே, போனா போவுது. வெளியூர்ல மச்சான் கடையிருக்கு, பொழைச்சுக்குவேன். நீங்க மாட்டிக்கிட்டா பென்ஷன் வரைக்கும் இழுப்பாங்க சார்."

வழி எவ்வளவு சௌகரியமாகத் திறந்தது பாருங்கள். நான் கேட்கவே இல்லை. போனில் நான் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. சொன்னவனும் கேட்டவரும் மட்டும்தான். கேட்டவரே தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நிமிஷம், ஒருவேளை இரண்டு நிமிஷம், அந்தக் கழுத்தைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு என் பையைத் திறந்து பேனா தேடினேன். கவர் கையில் வந்தது. கொடுக்க மறந்த படிவம். சோதனை நாளின் தேதி போட்டு, கசிவுப் பாதுகாப்பு திருப்திகரம் என்று முத்துமுத்தாக எழுதியது. அவள் விழுந்தபோது அது என் தோள் பையில்தான் இருந்தது. கிழித்துப் போட்டிருந்தால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

"உங்க பேரை நான் எழுத மாட்டேன் ரஃபீக்" என்றேன். "பைபாஸ் வேணாம்னு நீங்க சொன்னீங்க. பெயின்ட்டைச் சுரண்டவும் நீங்கதான் தாளை எடுத்தீங்க. ரெண்டு தடவையும் தடுத்தது நான். அதை எழுதுறேன்."

"யோசிச்சு எழுதுங்க சார்."

"இவ்வளவு நாள் யோசிச்சுதான் எழுதினேன். அதனாலதான் இங்க நிக்கிறேன்."

எழுதினேன். ஒரு பக்கம். அந்தப் படிவத்தையும் பின்னால் சேர்த்துக் கொடுத்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. என்னுடைய லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். என் சம்சாரம் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தணிகாசலம் ஒரு மாதம் பேசவில்லை. ஷெட்டை மூடினார்கள், ஆனால் நிரந்தரமாக அல்ல. எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்யும் வரை இருபது நாள். உலகம் அழிந்துவிடும் என்று வராந்தாவில் நானும் தணிகாசலமும் பயந்தது இருபது நாள் விஷயத்துக்காக.

பிரித்தபோது நானும் இருந்தேன். மெஷினிலிருந்து எர்த் போல்ட்டை ரஃபீக் கழற்றினார். ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை, விரலாலேயே வந்தது. லக்குக்கு அடியில் நீலப் பெயின்ட் அப்படியே புதிது போல இருந்தது. மரையெல்லாம் துரு. செம்பில் பச்சைப் பொடி. குழியை மறுபடி அளந்தேன், வழக்கமாகத் தொடங்கும் இடம் என்பதால். ஒரு ஓமுக்குக் குறைவு. உலகத்திலேயே சிறந்த குழி, எதோடும் சேராமல், மண்ணுக்குள் நிம்மதியாக இருந்தது. மோட்டாரின் கம்பிச்சுருள் மழைக்காலத்திலேயே நனைந்து, கரண்ட் மெஷின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து குழாய்க்குப் போயிருக்கிறது. போக வேறு இடமில்லாமல், யாராவது வெறுங்காலோடு வந்து தொடும் வரை அது காத்துக்கொண்டிருந்தது.

மறுபடி போட்ட வேலையை எனக்கு மேலே இருந்த ஒருவர் மேற்பார்வை பார்த்தார், நான் கூலி ஆள் போலக் கூட நின்றேன். இரும்பு பளபளக்கும் வரை சுரண்டினோம். செம்பை நேராக இரும்பின் மேல் வைக்காமல், ஈயம் பூசிய லக் வைத்து, முறுக்கிய பிறகு காற்றுப் படாமல் கிரீஸ் பூசினோம். மெஷினுக்கு இரண்டு தனித்தனி எர்த். குழாய், மேஜை, தூண், ஸ்டார்ட்டர் டப்பா எல்லாம் ஒரே பிணைப்பில். டிரிப் ஸ்விட்ச் திரும்ப வந்தது. பூட்டு போனது. குழியை அளந்ததோடு விடாமல், ஒவ்வொரு இரும்பிலிருந்தும் எர்த் பட்டை வரை தனித்தனியாக அளந்தோம். மொத்தமும் இரண்டு நாள் வேலை. முதலிலேயே செய்திருந்தாலும் இரண்டு நாள்தான் ஆகியிருக்கும்.

இதிலிருந்து பாடம் என்ன என்று குறிப்பெடுக்கப் பேனாவோடு காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் சீனியர் போனில் ஏதாவது செய்யச் சொன்னால், 'சார், அதை ஒரு மெசேஜ்ல போட்டுடுங்க' என்று கேளுங்கள். கோபப்படுவார். படட்டும். எழுத வேண்டியிருந்தால் நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். என்னைக் கேட்டால் ரஃபீக் செய்த ஒரே தவறு, என்னை மதித்தது.

ஆறு மாதம் கழித்து லைசென்ஸ் திரும்பி வந்ததும் ஒரு நாள் ஷெட்டுக்குப் போனேன். அழைப்பு எதுவும் இல்லை, நானாகத்தான் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேதவள்ளி வேலைக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேஜையின் கோடியில் இடது கையால் இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கழுவ வேண்டியதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த டேப்பை விட்டுவிட்டு, ஷெட்டின் மறு கோடிக்கு நடந்து, அங்கே வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மில் மக்கால் தண்ணீர் மொண்டு கழுவினாள். திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நடந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று தெரியவில்லை.

பூட்ஸையும் காலுறையையும் கழற்றினேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு போய் நின்று, எல்லாரும் பார்க்க அந்த டேப்பை இறுக்கிப் பிடித்தேன். திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"பாரும்மா. ஒண்ணும் இல்லை. இப்போ எல்லாம் சரியாயிடுச்சு. பயமில்லாம தொடலாம்."

வேதவள்ளி தலையாட்டினாள். மரியாதைக்குத்தான். பிறகு மக்கை எடுத்துக்கொண்டு டிரம்முக்குப் போனாள்.

எல்லம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அவ தொட மாட்டா சார். வுடு."

"நான்தான் தொட்டுக் காட்டினேனே எல்லம்மா. ஒண்ணும் இல்லைன்னு சொல்றேனே."

"போன தபாவும் நீதான சார் சொன்ன, ஒண்ணும் இல்லைன்னு."

டேப்பை மூடிவிட்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.